அல்சருக்கு 'நேரத்துக்குச் சாப்பிடு' போதுமா? கிருமி என்று 14 நாள் மாத்திரை எழுதியிருக்கிறார்கள்

பனியன்_செக்கிங் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்மென்ட் நேரத்தில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போகும், சில நாள் டீயும் பன்னுமாகவே முடிந்துவிடும். ரொம்ப நாளாக மேல்வயிற்றில் எரிச்சல். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தால் அடங்கும். பார்த்த எல்லாரும் "நேரத்துக்குச் சாப்பிடறதில்லை, அதான் அல்சர்" என்று சொல்லி கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் சரியாகும், விட்டால் திரும்ப வரும்.

இப்போது பார்க்கிற டாக்டர் எண்டோஸ்கோபி எடுத்தார். ரிப்போர்ட்டில் "டியோடினல் அல்சர், ஃபாரஸ்ட் 3, ஆர்.யூ.டி. பாசிட்டிவ்" என்று இருக்கிறது. வயிற்றில் கிருமி இருக்கிறதாம். பான்டோப்ரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றும் 14 நாள் ஒரு வேளைகூட விடாமல் போடச் சொன்னார். கூட வேலை செய்கிற அண்ணன் ஒருவர், "இத்தனை ஆன்டிபயாடிக் போட்டா குடலே புண்ணாயிரும், டைமுக்குச் சாப்பிடு, போதும்" என்கிறார். மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீரைத்தோட்டம்

தம்பி, அவசரப்பட்டு ஆன்டிபயாடிக்கில் இறங்க வேண்டாம். எங்கள் அப்பாவுக்கு இதே வலி. தினமும் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுத்தோம், காலையில் நீராகாரம், காரம் அறவே கிடையாது. ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. உலகத்தில் பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறதாம். பாதி உலகத்துக்கும் மாத்திரை கொடுக்க முடியுமா?

---

எண்டோ_ரூம்_அக்கா

தம்பி, நான் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

டியோடினம் என்பது இரைப்பை முடிந்ததும் தொடங்கும் முன்சிறுகுடல். புண் அங்கே இருக்கிறது. ஃபாரஸ்ட் 3 என்றால் புண்ணின் அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறது, ரத்தம் கசியவில்லை, கசிந்த அடையாளமும் இல்லை. அது நல்ல செய்தி. ஆர்.யூ.டி. என்பது கிருமிக்கான சோதனை. குழாய் உள்ளே இருக்கும்போதே இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மிகச் சின்னத் துணுக்கு ஒன்றைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் அழுத்தி வைப்போம். ஹெச். பைலோரி என்ற கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாகும். கிருமி நிறைய இருந்தால், நோயாளி கட்டிலை விட்டு இறங்கி வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறிவிடும். உங்களுக்கு மாறியிருக்கிறது.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். இது பிழைப்பதற்குக் காரணம் அந்த அம்மோனியாதான். தன்னைச் சுற்றிலும் அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி வந்தால் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடும், அதனால் அமிலமும் கூடுதலாகச் சுரக்கும். அந்த அமிலம் முன்சிறுகுடலில் போய் விழுந்து விழுந்து அங்கே புண்ணாகிறது. கிருமி உட்கார்ந்திருப்பது ஓர் இடம், புண் பெரும்பாலும் இன்னோர் இடம்.

'நேரத்துக்குச் சாப்பிடு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். முன்சிறுகுடல் புண் வெறும் வயிற்றில் வலிக்கும். ராத்திரி அமிலம் நிறைய இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ள உணவு இருக்காது. சாப்பிட்டதும் உணவு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும், வலி அடங்கும். உங்களுக்கு பிஸ்கட்டில் அடங்கியது இதனால்தான். சாப்பிட்டால் வலி போகிறது என்பதைப் பார்த்து, சாப்பிடாததால்தான் புண் வந்தது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நீங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது வலியைக் கூட்டியிருக்கும். அதனால் மட்டும் உங்களுக்குப் புண் வரவில்லை.

வயிற்றுப் புண்ணோடு வருகிறவர்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதை தினமும் பார்க்கிறேன். வீட்டிலும் திட்டுவார்கள். இவர்கள் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்களும் இல்லை, உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களும் இல்லை. பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒட்டியது. டாக்டர் எழுதிய 14 நாளையும் முழுதாக முடியுங்கள். பென்சிலின் ஊசிக்கோ மாத்திரைக்கோ எப்போதாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் மட்டும் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அமாக்சிசிலினும் அந்த வகைதான்.

---

கீரைத்தோட்டம்

அக்கா, எங்கள் அப்பாவுக்குக் குணமானதை என் கண்ணால் பார்த்தேனே. அதை எப்படி இல்லை என்பீர்கள்?

---

எண்டோ_ரூம்_அக்கா

இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தப் புண் தானாகவே ஆறும், தானாகவே திரும்பவும் வரும், அதன் சுபாவமே அப்படித்தான். கிருமியை ஒழிக்கும் வைத்தியம் வருவதற்கு முன்னால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் புண் ஆறியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, மாத்திரையை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது. கிருமி போனவர்களுக்கு அது அரிதாகிவிட்டது. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, அருமையான சாப்பாடு அது. அது இந்தக் கிருமியைக் கொல்லாது, அவ்வளவுதான். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

---

கீரைத்தோட்டம்

மழைக்காலம் வந்தால் கொஞ்சம் தொந்தரவு இருக்கும். கீரை வைத்தால் அடங்கிவிடும். இந்தச் சோதனை எதுவும் அவருக்கு எடுக்கவில்லை.

---

பெர்த்_வாசி

நான் இருப்பது இந்தக் கண்டுபிடிப்பு நடந்த ஊரில். அதனால் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-இல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த சின்னக் கிருமிகளைப் பார்த்தார். அவை இருக்கும் இடத்திலெல்லாம் அழற்சியும் இருந்தது. அமிலத்தில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். 1981-இல் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்க முயன்று முயன்று ஒன்றும் வரவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறை நீண்டதில் தட்டுகள் அப்படியே கூடுதல் நாள் இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளர்கிற ஜாதி, அதுவரை யாரும் அதற்கு நேரமே கொடுக்கவில்லை.

அப்புறம் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால், முன்பு ஆரோக்கியமாக இருந்த இரைப்பையில் அழற்சி. நிறையப் பேர் அவருக்கு அல்சர் வந்தது என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. வந்தது இரைப்பை அழற்சி, அல்சர் வரை போகவில்லை. ஆனாலும் நல்ல வயிற்றில் இந்தக் கிருமி நோய் உண்டாக்கும் என்று காட்ட அது போதும்.

இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-இல் காலமானார். 1982-இல் வளர்த்துக் காட்டியதை அல்சர் வைத்தியத்தின் பொது விதியாக அமெரிக்க மருத்துவர் குழு ஏற்றுக்கொண்டது 1994-இல். இடையில் 12 வருடம். அந்த இடைவெளியில் எத்தனை பேர் தேவையில்லாமல் அறுவை மேஜையில் படுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

---

பழைய_ரயில்வே

பெர்த் நண்பர் சொன்ன அந்த அறுவை மேஜையில் படுத்தவர் என் சொந்த அண்ணன்.

எழுபதுகளின் கடைசி. அண்ணன் ரயில்வேயில் ஃபயர்மேன். வருடக்கணக்காக வயிற்றுவலி. கடைசியில் காலையில் சாப்பிட்ட இட்லி மாலையில் அப்படியே வாந்தியாக வரும். கையை விட்டுத் தானே வாந்தி எடுத்தால்தான் நிம்மதி என்பார். புண் ஆறி ஆறித் தழும்பு இறுகி இரைப்பையின் வாசல் அடைத்துக்கொண்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைத்துத் தைத்தார்கள். நெஞ்செலும்பின் கீழிருந்து தொப்புள் வரை நீளமாகத் தழும்பு. வாந்தி நின்றது. ஆனால் வயிறாரச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் படபடப்பு, வியர்வை, மயக்கம். பாயசம் என்றால் பயப்படுவார். சாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

அந்தக் காலத்தில் அரசு மருத்துவமனை அறுவை வார்டில் இந்தத் தழும்போடு பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே புத்திமதிதான்: காரம் குறை, கவலைப்படாதே, பால் குடி. தம்பி, உங்களுக்கு 14 நாள் மாத்திரையில் முடிகிறது என்றால் தயவுசெய்து இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

---

எண்டோ_ரூம்_அக்கா

ஐயா, உங்கள் அண்ணனுக்குச் செய்ததற்கு வேகாட்டமி, ஜிஜே என்று பெயர். அந்தத் தழும்போடு வருகிற பெரியவர்கள் இன்றும் எங்களிடம் வருகிறார்கள். ஆபரேஷன் செய்த இரைப்பை என்பதை எண்டோஸ்கோபி செய்கிறவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அப்படிப்பட்ட தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

பால் பற்றிச் சொன்னீர்கள். சிகாகோவில் சிப்பி என்ற மருத்துவர் 1915-இல் மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கும் வைத்தியத்தைப் பிரபலமாக்கினார். உலகம் முழுக்கப் பரவியது. குடித்த உடனே இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். பிடித்தவர்கள் பால் குடிக்கட்டும், அது அல்சருக்கு மருந்தாகாது.

---

தாமிரபரணிக்காரன்

மன அழுத்தத்தை எல்லாரும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறீர்கள் என்று படுகிறது. 1995-இல் ஜப்பானில் கோபே நகர நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் ரத்தம் கசியும் அல்சர்கள் கூடின என்று அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய தீக்காயத்திலும் ஐசியூவில் கிடப்பவர்களுக்கும் வரும் புண்ணுக்குக் கிருமி காரணமில்லையே?

---

எண்டோ_ரூம்_அக்கா

சரியாகச் சொன்னீர்கள், நான் அதை விட்டுவிட்டுப் பேசியிருக்கக் கூடாது. கிருமி இருக்கும் எல்லாருக்கும் புண் வருவதில்லை, பத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்பது பொதுவான கணக்கு. யாருக்கு வரும் என்பதில் புகைபிடிப்பது, பரம்பரை, கடும் மன உளைச்சல், கிருமியின் ரகம் எல்லாமே சேரும். ஆனால் கிருமி பாசிட்டிவ் என்று கையில் ரிப்போர்ட் வைத்திருப்பவரிடம் போய் 'டென்ஷனைக் குறை' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

---

மருந்துச்சீட்டு

மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறேன். கிருமியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். இரண்டாவது பெரிய காரணம் எங்கள் கவுன்ட்டரில் இருக்கிறது.

"உடம்பு வலிக்குது, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வருவார்கள். பெயர் கேட்பதில்லை, சீட்டு இல்லை. டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ ஒன்று, கூட ஒரு கேஸ் மாத்திரை, ஒரு கலர் மாத்திரை, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள் பல கடைகளில். சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதில் இருக்கும். கட்டட வேலை செய்பவர்கள், நடவுக்குப் போகிற பெண்கள், லோடுமேன்கள் மாதக்கணக்கில் இப்படிச் சாப்பிடுகிறார்கள். வலி மாத்திரைகள் இரைப்பையின் சுவரைக் காக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிப்பதைத் தடுக்கின்றன. சளிப்படலம் மெலிகிறது, அமிலத்தை எதிர்கொள்ளும் திறன் போய்விடுகிறது. சாப்பிட்டபின் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்து வந்துதான் பெரும்பாலான கெடுதலைச் செய்கிறது, அதனால் உணவுக்குப் பின் போட்டாலும், ஏன், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து இருக்கிறது. வலி தெரியாமலேயே நேராக ரத்தக்கசிவில் போய் நிற்பவர்கள் இவர்கள்தான். வலி மாத்திரையே வலியை மூடிவிடுகிறது.

கிருமியும் இருந்து, வலி மாத்திரையும் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். தம்பி, நீங்கள் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். கால் வலிக்கு ஏதாவது போடுகிறீர்களா?

---

பனியன்_செக்கிங்

ஆமாங்க, நைட் ஷிஃப்ட் பார்த்தால் மறுநாள் ஒரு செட் வாங்கிப் போடுவேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இனிமேல் வாங்கமாட்டேன். மாத்திரை இன்று காலையில் தொடங்கிவிட்டேன்.

---

மருந்துச்சீட்டு

போனிலாவது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலி வந்தால் பாராசிட்டமால் போடலாமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இரைப்பைக்கு அது பொதுவாகத் தொந்தரவு தராது. பான்டோப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் குறையும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளாரித்ரோமைசினோடு அது சேர்ந்தால் தசைக்குக் கெடுதல் வரலாம், டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

---

இரண்டு_பிள்ளை_அம்மா

இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன். என் கணவருக்கும் இதே கிருமி, போன வருடம் மருந்து முடித்தார். வீட்டில் எல்லாரும் சோதனை செய்யவேண்டுமா? என் மாமியார் சாதத்தை மென்று பேத்திக்கு ஊட்டுவார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

---

எண்டோ_ரூம்_அக்கா

அம்மா, உங்கள் கவலை நியாயமானதுதான். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள், வாய் வழியாகவும் அசுத்தமான தண்ணீர், கை வழியாகவும் தொற்றுகிறது என்றுதான் சொல்கிறார்கள். மென்று ஊட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "டாக்டர் சொன்னார், அத்தை" என்று டாக்டர் மேலேயே போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம். தொந்தரவே இல்லாத குழந்தைகளைப் பிடித்து வந்து சோதனை செய்யத் தேவையில்லை, குழந்தை மருத்துவர்களும் அதைச் சொல்வதில்லை. பெரியவர்களில் தொந்தரவு இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

எண்டோஸ்கோபிதான் வேண்டும் என்பதில்லை. ஊதிப் பார்க்கும் யூரியா மூச்சுச் சோதனை இருக்கிறது, மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள், பார்ப்பதில் ஒரு சிக்கல்: கிருமி போன பிறகும் ரொம்ப நாள் பாசிட்டிவ் காட்டும். உங்கள் கணவருக்கு மருந்து முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று பார்த்தார்களா?

---

இரண்டு_பிள்ளை_அம்மா

இல்லையே. வலி நின்றுவிட்டது, அதனால் போகவில்லை.

---

எண்டோ_ரூம்_அக்கா

பாருங்கள். நம் ஊரில் இதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. இந்தியாவில் பல இடங்களில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இந்தக் கிருமி அவ்வளவாக அடங்குவதில்லை, கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு கூடி வருகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் இதே மருந்துகளை அரைகுறையாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டோம். அதனால் முதல் சுற்றில் எல்லாருக்கும் கிருமி போவதில்லை. பிஸ்மத் என்ற உலோக உப்பு சேர்ந்த நான்கு மருந்துச் சுற்றை முதலிலேயே கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அமெரிக்க இரைப்பை மருத்துவர் சங்கம் 2024-இல் அதைத்தான் முன்வைத்தது. அதில் மலமும் நாக்கும் கறுப்பாகும், பயப்பட வேண்டாம்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துத்தான் மறுசோதனை. அதற்கு முந்திய இரண்டு வாரம் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரை எதுவும் போடக்கூடாது. போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். எத்தனையோ பேர் காலையில் கேஸ் மாத்திரை போட்டுவிட்டு மூச்சுச் சோதனைக்கு வந்து நிற்கிறார்கள். மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரிடம் கேளுங்கள், முன்பு ரத்தக்கசிவு வந்தவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

---

தாமிரபரணிக்காரன்

கீரைத்தோட்டம் கேட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. உலகில் பாதிப் பேருக்கு இருக்கும் கிருமியை எல்லாருக்கும் கொல்லத்தான் வேண்டுமா?

---

பெர்த்_வாசி

இதில் மருத்துவர்களிடமே ஒரே கருத்து இல்லை. ஜப்பானில் 2013 முதல், அல்சர் இல்லாமல் வெறும் இரைப்பை அழற்சி இருந்தாலும் கிருமி ஒழிப்பு மருந்துக்கு அரசுக் காப்பீடு தருகிறது, ஏனென்றால் அங்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் கிருமி ஏராளம், ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. இதையே ஒரு புதிர் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஆனால் மிசோரமில் அதிகம். இந்திய நகரங்களோடு ஒப்பிட்டால் சென்னையும் கூடுதல் உள்ள இடம்தான், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை ரொம்பக் காலமாக முன்வரிசையில் இருக்கிறது. கிருமி மட்டுமே காரணமில்லை. உப்பு, புகையிலை, கிருமியின் ரகம் எல்லாம் சேர்ந்தது.

இன்னொன்று, சும்மா ஆர்வத்துக்கு. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 வருடத்துக்கு முந்தைய ஓட்சி என்ற மனிதனின் வயிற்றிலும் இந்தக் கிருமியின் மரபணு 2016-இல் கிடைத்தது. அந்த ரகம் இன்றைக்கு மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இருப்பதோடு நெருக்கமானது. இவ்வளவு காலம் நம்மோடு வந்த ஒன்றைக் கண்மூடித்தனமாக எல்லாரிடமிருந்தும் துடைத்தெறிவது பற்றி யோசிக்கிறவர்கள் இருப்பதில் தப்பில்லை. ஆனால் புண் வந்தவர் விஷயத்தில் இந்த விவாதமே கிடையாது.

---

பழைய_ரயில்வே

எல்லாரும் அல்சர் அல்சர் என்று பேசும்போது எனக்கு வேறொரு பயம். என் நண்பர், சர்க்கரை உள்ளவர், மேல்வயிறு எரிகிறது என்று சோடா குடித்துவிட்டு கேஸ் மாத்திரை போட்டுப் படுத்தார். அது மாரடைப்பு. காலையில் அவர் இல்லை.

---

எண்டோ_ரூம்_அக்கா

ஐயா, மனசு கஷ்டமாக இருக்கிறது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள் யாருக்காவது திடீரென்று மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது என்று இருந்தால் முதலில் ஈசிஜி. எண்டோஸ்கோபி அறைக்குப் பிறகு வரலாம்.

அதேபோல மலம் தாராகக் கறுத்து, பிசுபிசுவென்று, தனி நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் காபித்தூள் நிறத்தில் வந்தாலோ அது உள்ளே ரத்தக்கசிவு. அன்று இரவே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையிலும் பிஸ்மத்திலும் கறுப்பாகப் போகும், ஆனால் அது அப்படிப் பிசுபிசுக்காது. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள். எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், காரணம் தெரியாத ரத்தசோகை, விடாத வாந்தி, இவற்றுக்குக் கேஸ் மாத்திரை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். புண் முன்சிறுகுடலில் இல்லாமல் இரைப்பையிலேயே இருந்தால் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள், ஆறியதா என்று திரும்ப ஒருமுறை எண்டோஸ்கோபிக்கும் வரச்சொல்வார்கள். புற்றுநோயும் சிலசமயம் சாதாரணப் புண்ணாகவே கண்ணுக்குத் தெரியும், அந்த இரண்டாவது அழைப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

---

பனியன்_செக்கிங்

அக்கா, வாயெல்லாம் இரும்புக் கசப்பு. டீ குடித்தால்கூட ருசி தெரியவில்லை. இரண்டு மூன்று தடவை வயிற்றுப்போக்கு. பாதியில் நிறுத்தலாமா என்று தோன்றுகிறது.

---

எண்டோ_ரூம்_அக்கா

நிறுத்தாதீங்க தம்பி. கசப்பு கிளாரித்ரோமைசினால் வருவது, மருந்து முடிந்ததும் போய்விடும். தயிர், மோர் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பாதியில் விட்டால் சாகாமல் மிஞ்சிய கிருமிக்கு அந்த மருந்து அடுத்த முறை வேலை செய்யாமல் போகலாம். உடம்பில் தடிப்பு வந்தாலோ, போக்கு அதிகமாகி ரத்தமோ காய்ச்சலோ இருந்தாலோ மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள்.

---

பனியன்_செக்கிங்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 14 நாளும் முடித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி இடைவெளி விட்டு மலச் சோதனை எடுத்தோம், நெகட்டிவ். ராத்திரி வலி இல்லை. ஆனால் பான்டோப்ரசோலை விட்டதும் ஆரம்பத்தில் எரிச்சல் பழையபடி வந்தது. கிருமி திரும்பிவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

---

மருந்துச்சீட்டு

ரொம்ப சந்தோஷம். அந்த எரிச்சல் பலருக்கும் வரும். அந்த மாத்திரை அமிலத்தை அடக்கி வைத்திருக்கும்போது உடம்பு காஸ்ட்ரினைக் கூட்டி வைக்கும். நிறுத்தியதும் சில வாரம் அமிலம் வழக்கத்தைவிடக் கூடச் சுரக்கும். அதைப் பார்த்துவிட்டு 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தேவை உள்ளவர்கள் டாக்டர் சொற்படி போடட்டும். தேவையில்லாமல் ரொம்ப நாள் போட்டால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழியை டாக்டர் சொல்வார்.

---

கீரைத்தோட்டம்

இந்த இழையைப் படித்த பிறகு அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். அவருக்கும் பாசிட்டிவ். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். இப்போது அதை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

---

எண்டோ_ரூம்_அக்கா

நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினைத் தானாக விட்டால் அது அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. ரொம்ப நாள் ஆஸ்பிரின் போடவேண்டியவருக்கு இந்தக் கிருமியை ஒழிப்பது கட்டாயம் நல்லது. கூடவே இரைப்பையைக் காக்கும் மாத்திரையும் தொடரச் சொல்வார்கள், அவர் விஷயத்தில் அது தேவைதான். கொழுப்பு மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் போடுவார். மருந்துச்சீட்டு அண்ணன் சொன்னதை ஞாபகம் வைத்து, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். அவர் என்ன எழுதினார் என்று வந்து சொல்லுங்கள்.